மின்சார ரயிலும் அதன் பின்னால் ஒரு தெருவும்: படமெடுக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டையில் குடியிருக்கிறேன். பழவந்தாங்கலில் தொடங்கித் தாம்பரம் வரை ஏழு ரயில் நிலையங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஏழையும் இவற்றை ஒட்டிய தெருக்களையும் படமெடுத்து வருகிறேன். தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல, அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வரும் இளைஞர்கள் கேட்பவை பெரும்பாலும் இதே கேள்விகள்தான். டீக்கடையில் நின்று ஒவ்வொரு முறையும் விளக்குவதை ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் டீயாவது ஆறாமல் இருக்கும்.

படமெடுக்க மயிலாப்பூர் இருக்கிறது, மெரினா இருக்கிறது. இங்கே என்ன சார் இருக்கிறது?

மயிலாப்பூரில் கோபுரத்தை எடுக்காமல் திரும்புவதுதான் கஷ்டம். இங்கே அப்படி எதுவும் கண்முன் வந்து நிற்காது. நாமாகத் தேட வேண்டும், அதனாலேயே எனக்கு இந்த ஊர் பிடிக்கிறது.

நிலையங்களின் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் நின்று படியுங்கள். குரோம்பேட்டை என்ற பெயர் இங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அடுத்த நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகச் சில படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அந்தப் பெயரைக் கொடுத்தது. பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே பல்லாவரத்தில் இன்று வெள்ளிக்கிழமை சந்தையில் புறா, செடி, பழைய மின்விசிறி, ஓடாத கடிகாரம் எல்லாம் விற்கிறார்கள். தோல், காசம், கல், புறா என்று பத்து கிலோமீட்டருக்குள் இவ்வளவு கிடக்கிறது.

ரயிலை எடுக்க வேண்டுமா, தெருவை எடுக்க வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்ல என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளில் இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய சேவை அது. 2004-இல் நின்றுபோயிற்று. அது போய்விடும் என்று தெரிந்ததும் வெறி பிடித்தவன் போல எடுத்தேன். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம்தான், கழுவிப் பிரிண்ட் போடவும் காசு. எனவே சிக்கனமாக ரயிலை மட்டும், சட்டகம் நிறைய, மூக்கிலிருந்து வால் வரை எடுத்தேன். ரயில்வே கேட் அருகே நின்ற சைக்கிள்களும் பெட்டிக்கடையும் குறுக்கே வந்தால் நான் ஓரடி தள்ளி நின்றுகொள்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்தார். கேட் ஓரத்தில் அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தாராம். கடையும் இல்லை, அப்பாவும் இல்லை, வீட்டில் ஒரு படமும் இல்லை. நான்கு அட்டைப்பெட்டிகளையும் கொட்டித் தேடினோம். ரயில், ரயில், ரயில். கடைசியில் கிடைத்தது ஒரே படம். விரல் தாமதித்து அழுத்தியதால் ரயில் போய்விட்டது, இடது ஓரத்தில் கடைசிப் பெட்டியின் கால்வாசி மட்டும் இருக்கிறது. மீதி இடம் முழுவதும் தெரு. காற்றடிக்கும் பம்பு, கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட டியூப்கள், பலகையில் வெள்ளைப் பெயின்ட்டில் 'வாடகை சைக்கிள்', அதன் கீழே முண்டா பனியனோடு குனிந்திருக்கும் ஒருவர். முகம் தெரியவில்லை. "அப்பாதான், முதுகைப் பார்த்தாலே தெரிகிறது" என்றார். நான் பாழ் என்று ஒதுக்கியிருந்த அந்தப் படம் இன்று அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

அதனால் ரயில் வரும்போது ஒன்று எடுங்கள். அது போன பிறகும் கேமராவை இறக்காமல் இன்னொன்று எடுங்கள்.

எந்தக் கேமரா வாங்கலாம்?

கையில் இருக்கும் கைபேசி போதும். வாங்கியே தீர வேண்டும் என்றால் 35 மி.மீ. அல்லது அதற்கு நெருங்கிய கோணமுள்ள லென்ஸ் ஒன்று போதும். பெரிய ஜூம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு நம் தெருக்களில் நடந்தால் பத்திரிகைக்காரர் என்று நினைத்துச் சாக்கடை அடைப்பைக் காட்ட அழைத்துப் போவார்கள். எனக்கே நடந்திருக்கிறது. நல்ல படமும் கிடைத்தது, அது வேறு கதை.

ரயில் நிலையத்துக்குள் படமெடுக்கலாமா? அனுமதி வேண்டுமா?

முதலில் டிக்கெட். பயணச்சீட்டோ நடைமேடைச் சீட்டோ இல்லாமல் உள்ளே நிற்பதே தவறு. நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். நான் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன், அதனால் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கச் சங்கடமில்லை.

சினிமா, விளம்பரம், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு போன்றவற்றுக்கு ரயில்வேயிடம் முன்அனுமதி பெற வேண்டும், கட்டணமும் உண்டு. நம்மைப் போல ஒற்றை ஆளாகக் கைபேசியோடு நிற்பவர்களை யாரும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முக்காலியை விரித்தால் கவனிப்பார்கள். விரிக்காதீர்கள், நெரிசலில் அது பிறருக்குத் தடுக்கும்.

ஊழியரோ ரயில்வே காவலரோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாதாடி வென்ற யாரையும் நான் பார்த்ததில்லை. ஒரு நிலையத்தில் என்னை அரை மணி நேரம் உட்காரவைத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அன்று எடுத்தவை எல்லாம் காலி இருக்கைகள். 'இதை எதற்கு எடுக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு என்னிடம் நேர்த்தியான பதில் இல்லை. அன்றிலிருந்து பழைய பிரிண்ட்கள் நாலைந்தைப் பையில் வைத்திருக்கிறேன். காட்டினால் பேச்சு மாறிவிடுகிறது. 'இது எந்த வருஷம் சார்' என்று கேட்டுத் தங்கள் ஊர் நிலையத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இந்தப் பகுதியில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம், தாம்பரத்தில் விமானப்படைத் தளம், நடுவில் விமான நிலையம். 'படமெடுக்கக் கூடாது' என்ற பலகை கண்ணில் பட்டால் லென்ஸை மூடிவிடுங்கள். டிரோன் பேச்சையே எடுக்க வேண்டாம்.

தண்டவாளத்தில் இறங்கி எடுத்தால் கோணம் நன்றாக வருமே?

இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படிக்கட்டில் தொங்குவதற்கு 156-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். இந்தத் தடத்தில் மின்சார ரயிலும் விரைவு ரயிலும் அடுத்தடுத்த தடங்களில் ஓடுகின்றன. ஒன்றின் இரைச்சலில் மற்றொன்று வருவது காதில் விழாது. கண் கேமராவில் இருந்தால் பார்வையிலும் படாது.

தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். தொட்டால்தான் ஆபத்து என்றில்லை, நெருங்கினாலே பாயும். நடைமேம்பாலத்திலிருந்து செல்ஃபி கோலையோ ஒற்றைக்கால் தாங்கியையோ வெளியே நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

எந்த நேரத்தில் போகலாம்?

விடியலுக்கு முன்பே போங்கள். நாலரை மணி வாக்கில் நிலைய வாசலில் செய்தித்தாள் கட்டுகளை அவிழ்த்து, தரையில் சம்மணமிட்டு இணைப்பிதழைச் செருகுவார்கள். மேலே ஒற்றை விளக்கு. பக்கத்தில் பால் பாக்கெட் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகள், அவற்றின் மேல் ஒரு பூனை. இதைவிட நல்ல வெளிச்சத்தை எந்த ஸ்டுடியோவிலும் அமைக்க முடியாது.

கிண்டியைத் தாண்டியதும் தண்டவாளம் தென்மேற்காகப் போகிறது. காலையில் கிழக்குப் பக்கம் நின்றால் வெயில் உங்கள் முதுகில் விழும், ரயிலின் பக்கவாட்டு முழுவதும் ஒளி வாங்கும். மாலையில் மேற்கே, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நில்லுங்கள்.

நடுப்பகலில் வேண்டாம் என்பார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். கம்பத்துக்கு நிழல் இருக்காது. நடைமேடைக் கூரையின் நிழல் மட்டும் கத்தியால் வெட்டியது போல நேர்கோட்டில் விழும், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்குள் வரிசையாக நிற்பார்கள். வேறு எந்த நேரத்திலும் அப்படி ஒரு வரிசையை அமைக்க முடியாது.

ஓடும் ரயில் குழம்பிப்போகிறது. என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 16.7 மீட்டர். ஷட்டரை 1/500 நொடி திறந்தால் அதற்குள் ரயில் 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அது நின்ற மாதிரிதான். 1/30 என்றால் அரை மீட்டருக்கு மேல். அப்போது ரயில் ஒரு வண்ணக் கோடாகிவிடும், நடைமேடையில் நிற்பவர் மட்டும் தெளிவாக இருப்பார். என் விருப்பம் இந்த இரண்டாவதுதான். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து அழுத்துங்கள்.

ரயிலின் முகப்பில் 'தாம்பரம்', 'செங்கல்பட்டு' என்று ஒளிரும் பலகை உங்கள் படத்தில் பாதி எழுத்தோடு வருகிறதா? கேமரா பழுதில்லை. அந்த விளக்குப் புள்ளிகள் ஒரே நேரத்தில் எரிவதில்லை, வரிவரியாக மாறி மாறி எரிகின்றன. ஷட்டர் வேகமாக இருந்தால் சில வரிகளே சிக்கும். 1/60 நொடியைவிட மெதுவாக வைத்துப் பாருங்கள். குழல்விளக்குக்கு அடியில் பட்டை பட்டையாக விழுந்தால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது.

தெருவில் மனிதர்களைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டுமா, கேட்காமலா?

கேட்டால் விறைப்பாக நிற்பார்கள், கேட்காவிட்டால் திருட்டு போல இருக்கிறது என்று எல்லோரும் அங்கலாய்க்கிறார்கள். நான் கண்ட வழி, முதலில் வாடிக்கையாளராக இருப்பது.

பல்லாவரம் நிலையப் படிக்கட்டின் கீழே ஓர் அம்மா பூ விற்கிறார். கூடையின் விளிம்பில் ஈரச் சாக்கு, அதன் மேல் சுருட்டிய மல்லிகைச் சரம். ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நிமிரமாட்டார், ஒரு கையால் தண்ணீர் தெளிப்பார். படியில் முதல் செருப்பு தெரியும்போதுதான் சரத்தை எடுப்பார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். தெரிந்தவர் என்றால் விரலைத் தாண்டி இரண்டு பூ கூட ஓடும், பிறகுதான் நாரை அறுப்பார். அந்த இரண்டு பூவை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்று மாதம் வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்கினேன். ஒரு நாள் அவரே, "கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறீர்களே, அதில் படம் வருமா வராதா?" என்றார்.

எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். கைபேசியில் காட்டினால் சிரிப்பார்கள். தாளில் கொடுத்தால் அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பாதுகாப்பார்கள்.

எதையெல்லாம் எடுக்கவே கூடாது?

பெண்கள் பெட்டியை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். பெற்றோர் பக்கத்தில் இல்லாத குழந்தையை எடுக்காதீர்கள். நடைமேடையில் உறங்குபவர் முகம், தண்டவாள விபத்து, அழுகை எதுவும் வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் கைபேசியோடு நிற்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருக்காதீர்கள்.

பெண்கள் தனியாகப் போய் எடுக்க முடியுமா?

இதற்கு நான் பதில் சொல்வது சரியல்ல என்று என் அண்ணன் மகளிடம் கேட்டேன். அவள் சொன்னது: காலையில் கோலம் போடும் நேரத்தில் தெருக்களில் எடுப்பாளாம், வாசலில் நிற்கும் பெண்கள் எல்லோரும் துணை. 'சித்தப்பா, நீங்கள் அந்த நேரத்தில் அங்கே கேமராவோடு போனால்தான் பிரச்சினை.' உண்மைதான். என்னிடம் ரயில் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கோலத்தோடு ஒருவர் வாசலில் குனிந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அவளிடம் இருக்கின்றன.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் தெருக்களுக்குத் திருவிழா. தேங்கிய நீரில் தலைகீழாக ரயில் போகும், சுரங்கப்பாதை வாசலில் பைக்கை இறக்கலாமா வேண்டாமா என்று பத்துப் பேர் யோசித்து நிற்பார்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையிலேயே இருபது நிமிடம் வைத்துப் பிறகு எடுங்கள்.

மழையைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. இந்த ஊர் ஈரப்பதத்தில் தோல் உறைக்குள் பூட்டிவைத்த லென்ஸில் சிலந்திவலை போலப் படர்ந்துவிடும். எனக்கு இரண்டு லென்ஸ் அப்படிப் போயின. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு முறை வெயில். இவ்வளவுதான் வைத்தியம்.

ஏசி மின்சார ரயில் வந்துவிட்டதே, அதில் படமெடுக்க என்ன இருக்கிறது?

2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் முதல் ஏசி மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்தது, கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் தலை கலைய நிற்கும் ஆளை அதில் பார்க்க முடியாது. அப்படி நிற்பது ஆபத்து, போனால் நல்லதே. ஆனால் கண்ணாடிக் கதவு வந்ததில் ஒரு லாபம் இருக்கிறது. மாலையில் உள்ளே இருப்பவர் முகமும் வெளியே நிற்கும் கூட்டத்தின் பிம்பமும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இதை நான் இன்னும் ஒழுங்காக எடுக்கவில்லை, நீங்கள் முந்திக்கொள்ளலாம்.

படங்களை எப்படிச் சேமிப்பது?

இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், அதைப் பற்றி இவ்வளவு போதும். நான் கெஞ்சிக் கேட்பது தலைப்புக்காக. தேதி, இடம், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், படத்தில் இருக்கும் கடையின் பெயர், அன்று அங்கே ஒரு டீயின் விலை எழுதுங்கள். 'ஏகாந்தம்', 'காத்திருப்பு' என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். 'சானடோரியம் நிலையம், கிழக்குப் பக்க டிக்கெட் கவுன்டர், மாலை 6.10, வரிசையில் பதினெட்டுப் பேர்' என்று எழுதினால் உங்களுக்குப் பின் வருபவருக்கும் பயன்படும். சைக்கிள் கடைப் படத்தின் பின்னால் நான் எழுதியிருந்தது 'வீண்' என்ற ஒரு சொல். ஆண்டுகூட இல்லை. அந்தக் குடும்பமே உட்கார்ந்து, பலகையில் பெயின்ட் எப்போது அடித்தது என்று பேசித்தான் ஆண்டைக் கண்டுபிடித்தார்கள்.

என் படத்தை வேறு யாராவது எடுத்துப் போட்டால்?

காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, நீங்களாக எடுத்து வெளியிட்ட படத்துக்கு உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். நிறுவனத்துக்காகச் சம்பளத்தில் எடுத்தது வேறு கணக்கு.

ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப எடுத்தால் சலிக்காதா?

பல்லாவரம் படிக்கட்டுக்கு எதிரே ஒரு சுவர். முதலில் எடுத்தபோது சினிமா சுவரொட்டி. பிறகு அதன் முன்னால் மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத் வந்தது. பூத் கைபேசி ரீசார்ஜ் கடையாயிற்று, கடை ஜெராக்ஸ் கடையாயிற்று. இப்போது அங்கே மோமோ விற்கிறார்கள். பூ விற்கும் அம்மாவின் கூடையில் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. முழத்துக்கு இரண்டு பூ கூடப் போவது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒரு தொல்லை. நான் கேமராவை எடுத்தாலே அவர் கூடையைச் சற்று வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வழக்கம்போல இருங்கள் என்று பல தடவை சொல்லிவிட்டேன். "இதுதான் வழக்கம்" என்கிறார்.